புதிர் போடுற பையனை ரம்மி கேசுல சேர்க்காதீங்க!

“என் பையன் ஆன்லைன் கேம் கம்பெனி ஆரம்பிச்சிருக்கான்” என்று பொள்ளாச்சியில் ஒரு தகப்பனார் டீக்கடையில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் பக்கத்து பெஞ்சுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: “ஏனுங்க, ரம்மியா?”

அவர் மேல் தப்பில்லை. இத்தனை வருஷமாகச் சாயங்காலப் பேப்பரில் அவர் படித்ததெல்லாம் அதுதான். ஆன்லைன் ரம்மியில் பணம் விட்ட வாலிபர் தூக்கு. மனைவியின் தாலிக்கொடி அடகு. கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பத்தோடு ஊரை விட்டு ஓட்டம். பிணவறை வாசலில் நின்று, அழுதுகொண்டிருக்கும் சொந்தக்காரர்களிடம் செத்தவர் பேர், வயசு, எவ்வளவு கடன் என்று கேட்டு எழுதுவதுதான் என் போன்ற நிருபர்கள் பொழப்பு. அந்தச் செய்திகள் இன்னும் எழுதப்பட வேண்டியவைதான்.

அது போதாதென்று 2019-ம் ஆண்டு பாலியல் கேசு வேறு. 9 பேருக்கும் சாகும் வரை ஜெயில் என்று கோவை மகளிர் கோர்ட்டு 2025 மே 13-ந்தேதி தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனாலும் இந்த ஊர்த் தாய்மார்களுக்குச் செல்போனைக் கண்டால் வந்த கிலி போகவில்லை. பிள்ளை கையில் போனோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் “என்ன பண்றே கண்ணு?” என்று எட்டிப் பார்க்காத வீடு ஏது?

இப்படிப்பட்ட ஊரில், ‘புதிர் விளையாட்டு ஒன்று செய்து ஆன்லைனில் விடப் போகிறேன்’ என்று ஒருத்தன் கிளம்பினால் அவன் கதி என்ன? அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

நாலு பேர் சேர்ந்து ஒரு ரூமை வாடகைக்குப் பிடித்து, ரெண்டு மூணு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சொந்தமாக விளையாட்டு தயாரிப்பதை ‘இண்டி ஸ்டூடியோ’ என்கிறார்கள். போட்டோ ஸ்டூடியோ என்று நினைத்துவிட வேண்டாம். இதற்குப் பெரிய முதலாளி கிடையாது. மாசச் சம்பளம் கிடையாது. வேலை பார்த்துச் சேர்த்த காசு தீரும் வரை ரூம் இருக்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்கள் முதல் முயற்சியாகப் புதிரைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். காரணம் சிம்பிள். சண்டை விளையாட்டு என்றால் படம் வரைய மட்டும் ஒரு பட்டாளம் வேண்டும். புதிருக்கு ஒரு நல்ல விதி போதும். நாலு கட்டம் போட்டு, 15 ஆடும் 3 புலியும் வைத்து, கோவில் கல்தரையில் நம் பாட்டன்மார் கீறி வைத்துவிட்டுப் போகவில்லையா? அதற்கு என்ன முதலீடு?

உலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜோஷ் வார்டில் என்று ஒரு கம்ப்யூட்டர் என்ஜினீயர். தன் துணைவி பாலக் ஷாவுக்கு வார்த்தைப் புதிர் என்றால் உசிர் என்பதால், அவருக்காகவே ஒன்று செய்தார். 5 எழுத்து வார்த்தை, 6 தடவை ஊகிக்கலாம், ஒரு நாளைக்கு ஒரு புதிர். விளம்பரம் இல்லை, காசு இல்லை. அதுதான் ‘வேர்டில்’. 2021 நவம்பர் 1-ந்தேதி அதை ஆடியவர்கள் 90 பேர். ரெண்டு மாசத்தில் 3 லட்சம் பேர்! 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை பத்து லட்சம் டாலருக்குக் குறையாத விலை கொடுத்து அதை வாங்கிக்கொண்டது. ஒரு பத்திரிகை போய்ப் புதிரை வாங்குகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அமெரிக்கா வேண்டாம், நம் நாட்டுக்கு வாருங்கள். மும்பையில் ‘எல்லோ மங்கி’ என்ற சின்ன ஸ்டூடியோ. ஷைலேஷ் பிரபு என்பவர் நடத்தியது. கட்டங்களை வர்ணத்தால் நிரப்புகிற ‘ஹியூபிரிக்ஸ்’ என்ற புதிரை 2012-ல் வெளியிட்டார்கள். அதைவிடக் கிட்டே வேண்டுமா? போர் லாரிக்குப் பேர் போன திருச்செங்கோடு இருக்கிறதே, அந்த ஊர் ‘நித்ரா’ நிறுவனம்தான் உங்களில் பாதிப் பேர் போனில் நல்ல நேரம் பார்க்கிற தமிழ்க் காலண்டரைப் போட்டது. ‘சொல்லிஅடி’ என்று தமிழ் வார்த்தை விளையாட்டும் போட்டிருக்கிறார்கள். திருச்செங்கோட்டில் ஆவது பொள்ளாச்சியில் ஆகாதா?

கோடு எங்கே?

சட்டத்துக்கு வருவோம். அங்கேதான் ஜனங்களுக்குக் குழப்பம்.

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக அரசாங்கம் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது. பிறகு அது சட்டமானது. 2021 ஆகஸ்டு 3-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு கமிட்டி, மறுபடி அவசரச் சட்டம், மறுபடி மசோதா. 2023 மார்ச்சில் கவர்னர் திருப்பி அனுப்ப, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பர் 9-ந்தேதி ஐகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று சொல்லி அந்த ரெண்டை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 பிப்ரவரியில் காசு வைத்து ஆடுகிற விளையாட்டுகளுக்கு விதி வந்தது: 18 வயசுக்குக் கீழ் கூடாது, ராத்திரி 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது. அதே ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் போட்டது. 22-ந்தேதி ஜனாதிபதி கையெழுத்து. பணம் கட்டி ஆடும் விளையாட்டை நடத்தினால் 3 வருஷம் வரை ஜெயில், 1 கோடி வரை அபராதம்.

படிக்கவே மூச்சு வாங்குகிறதல்லவா? ஆனால் 2025 சட்டத்தில் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. அது விளையாட்டுகளை மூணாகப் பிரிக்கிறது. பணம் வைத்து ஆடுவது ஒன்று. அது கூடாது. ஈ-ஸ்போர்ட்ஸ் என்ற போட்டி விளையாட்டு இன்னொன்று. மூணாவது, பொழுதுபோக்குக்காகவோ திறமை வளர்க்கவோ ஆடுகிற ‘சமூக விளையாட்டு’. இந்த மூணாவதில் உள்ளே நுழையக் கட்டணம் வாங்கலாம், சந்தா வாங்கலாம். அது பந்தயமாக மட்டும் இருக்கக்கூடாது. அதாவது, சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கிற மாதிரி.

என் கணக்கில் ஒரே கேள்விதான். உள்ளே போட்ட காசு பெருகித் திரும்பி வரும் என்று ஆசை காட்டுகிறானா? காட்டினால் சூது. காட்டாவிட்டால் விளையாட்டு. ஏட்டய்யாவுக்கும் இது போதும், அம்மாவுக்கும் இது போதும்.

பழைய கேசு ஒன்று

“புதிரில் எங்கேயப்பா சூது வரும்?” என்று கேட்கலாம். வரும். வந்திருக்கிறது. அதுவும் எங்கள் பத்திரிகைத் தொழிலில்தான் வந்தது!

பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் குறுக்கெழுத்துப் போட்டி என்றால் நாடே பைத்தியம். கட்டத்தை நிரப்பி, கூப்பனோடு நுழைவுக் கட்டணம் அனுப்ப வேண்டும். பரிசு ஆயிரக்கணக்கில். இதில் சூட்சுமம் என்னவென்றால், ஒரு குறிப்புக்கு ரெண்டு வார்த்தை பொருந்தும். ரெண்டும் அர்த்தம் உள்ளவை. எது ‘சரி’ என்பது நடத்துகிறவன் முன்கூட்டியே சீல் வைத்துப் பூட்டிய கவரில் இருக்கும். படித்தவனும் படிக்காதவனும் அங்கே ஒண்ணுதான். விடாமல் ஜெயிக்க வேண்டும் என்றால் எல்லா மாதிரியும் நிரப்பி நிரப்பிக் கட்டணம் கட்ட வேண்டும். சம்பளத்தைக் கூப்பனில் கரைத்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள்.

1955-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டுவந்தது. மாசத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 விண்ணப்பத்துக்கு மேல் வாங்கக்கூடாது, அதற்கும் லைசென்சு வேண்டும் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். போட்டி நடத்திய ஆர்.எம்.டி.சமர்பாக்வாலா சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1957-ல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் ஒரு தமிழர், நீதிபதி டி.எல்.வெங்கட்ராம அய்யர். சூதாட்டம் மாதிரியான போட்டிக்குத்தான் இந்தச் சட்டம், உண்மையில் அறிவால் ஜெயிக்கிற போட்டிக்கு இது பொருந்தாது என்று பிரித்துக் காட்டினார். சட்டம் நின்றது. கூப்பன் வியாபாரம் படுத்தது.

ஆனால் குறுக்கெழுத்து செத்ததா? இல்லையே! பரிசு போனபின் சுத்தமாகப் பத்திரிகையில் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் காலையில் பேனாவைத் திறந்து முதலில் நிரப்புவது அதைத்தானே? அதே கட்டம், அதே குறிப்பு. கவரும் கட்டணமும் போனதும் புதிர் புதிராக இருந்தது.

சோறு எப்படி?

சரி, காசு வைத்து ஆட விடாவிட்டால் ஸ்டூடியோ பையன் எதைத் தின்பான்?

செலவை முதலில் பார்ப்போம். கூகுள் பிளே கடையில் கணக்குத் திறக்க ஒரு தடவைக் கட்டணம் 25 டாலர். கரண்ட் பில், வாடகை, ஒரு வருஷத்துச் சாப்பாடு இதெல்லாம்தான் பெரிய செலவு. வரவுக்கு ரெண்டு மூணு வழி. விளையாட்டை விலைக்கு விற்கலாம். இடையிடையே விளம்பரம் போடலாம். முதல் 50 புதிர் இலவசம், மிச்சத்துக்கு ஒரு தடவை பணம் என்று வைக்கலாம். விற்றதில் கடைக்காரருக்கும் பங்கு உண்டு. 30 சதவீதமாக இருந்ததை 2021-ல் சின்னவர்களுக்கு 15 ஆக்கினார்கள்.

இதில் நான் ஸ்டூடியோக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்வேன். வரும்படி குறைந்ததும் ‘லக்கி வீல் சுத்து’, ‘மர்மப் பெட்டியைத் திற’, ‘காயின் வாங்கு’ என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறவர்கள் உண்டு. பேர் புதிர், உள்ளே நடப்பது லாட்டரிக் கடை! சட்டத்துக்குத் தப்பலாம். பத்து வயசுப் பையன் அப்பா போனில் பணத்தைக் கரைத்துவிட்டு அடி வாங்குவதற்குத் தப்ப முடியாது. அப்படிப்பட்டவனுக்காக நான் பேனா பிடிக்க மாட்டேன்.

இன்னொரு ஆபத்து, திருட்டு. இது என் ஏரியா, கொஞ்சம் விளக்குகிறேன்.

2014 பிப்ரவரியில் ‘த்ரீஸ்’ என்று ஒரு எண் புதிர் வந்தது. ஆஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட் என்ற ரெண்டு பேர் 14 மாசம் முட்டி மோதி, போட்டுப் போட்டு அழித்துச் செய்தது. விலை ரெண்டு டாலருக்குள். வந்த சில வாரத்தில் அதைப் பார்த்து ‘1024’ என்று ஒன்று வந்தது. அதைத் தொடர்ந்து மார்ச்சில் ‘2048’. இத்தாலியில் கேப்ரியல் சிருல்லி என்ற 19 வயசுப் பையன் ஒரு சனி ஞாயிறில் செய்து இலவசமாக விட்டுவிட்டான். உலகம் பூரா அதைத்தான் ஆடியது. உங்கள் போனில்கூட ஒருகாலத்தில் இருந்திருக்கும். ‘த்ரீஸ்’ பேரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

14 மாசம் உழைத்தவன் ஒரு பக்கம், ரெண்டு நாளில் செய்தவன் ஒரு பக்கம். கேசு போட முடியுமா? கஷ்டம். விளையாட்டின் விதியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. கருத்துக்குக் காப்புரிமை இல்லை என்று நம் சுப்ரீம் கோர்ட்டே 1978-ல் ஒரு சினிமாக் கேசில் சொல்லியிருக்கிறது. எழுதிய புரோகிராம், வரைந்த படம், இசை இவற்றுக்குத்தான் 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு. பேருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் டிரேட் மார்க் பதிய வேண்டும். தனி ஆளும் சிறு தொழில்காரரும் ஆன்லைனில் மனுப் போட்டால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். விளையாட்டை வெளியிட்ட பிறகு பார்த்துக்கலாம் என்று இருக்கிறவன் பேரை வேறொருத்தன் பதிந்துகொண்டு போனால், ஸ்டேஷனில் வந்து அழுது பிரயோஜனம் இல்லை.

5 எழுத்தா, 10 எழுத்தா?

இத்தனை ஆபத்துக்கும் நடுவில், திருடினாலும் சுலபத்தில் செய்ய முடியாத ஒன்று இந்தப் பசங்களிடம் இருக்கிறது. தமிழ்.

‘பொள்ளாச்சி’ எத்தனை எழுத்து? ஒண்ணாங் கிளாஸ் பிள்ளையைக் கேளுங்கள். பொ, ள், ளா, ச், சி. அஞ்சு. வேர்டில் கட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் கம்ப்யூட்டரைக் கேட்டால் 10 என்று சொல்லும்! அதற்கு ‘ப’ தனி, ஒற்றைக்கொம்பும் காலும் தனி. ‘ள’ தனி, மேலே வைத்த புள்ளி தனி. இங்கிலீஷ் புதிரின் புரோகிராமை அப்படியே தூக்கிவந்து தமிழில் போட்டால் ஒரு கட்டத்தில் காலும் இன்னொரு கட்டத்தில் புள்ளியுமாக நிற்கும். கேவலம்!

சரி, எழுத்தைச் சேர்த்துவிட்டான் என்றே வைப்போம். அடுத்த சிக்கல். இங்கிலீஷில் 26 எழுத்து. ஊகித்துவிடலாம். நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. விடை ‘பொள்ளாச்சி’. நீங்கள் ‘திருப்பூர்’ என்று போடுகிறீர்கள். அதுவும் 5 எழுத்துதான். அதில் ‘ப்’ இருக்கிறது, இதில் ‘பொ’ இருக்கிறது. இது பொருந்துகிறதா, பொருந்தவில்லையா? ‘இல்லை’ என்று கட்டத்தைக் கறுப்பாக்கினால் ஆறு தடவையில் எவனும் கண்டுபிடிக்க மாட்டான். ‘மெய் சரி, உயிர் வேற’ என்று காட்ட இன்னொரு வர்ணம் வேண்டும். இங்கிலீஷ்காரனுக்கு வராத யோசனை இது. அவனுக்குத் தேவையே இல்லை.

இன்னும் இருக்கிறது. ‘தேங்காய்’ வார்த்தை சரி. ‘தேங்காயை’, ‘தேங்காய்க்கு’ இதெல்லாம் வார்த்தையா? அகராதியில் பார்த்தால் இல்லை, வாயில் வருகிறது. ‘இளநி’ என்று நம் ஊரில் சொல்வதை ஒத்துக்கொள்வதா, ‘இளநீர்’ என்றுதான் போட வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து தீர்மானம் பண்ண வேண்டும். பெங்களூர் கம்பெனி ஆயிரம் பேரை வைத்திருந்தாலும் சந்தைக்குப் போய்ப் பேசிப் பழகியவன் ஒருத்தன் இல்லாவிட்டால் இது நடக்காது. அந்த ஒருத்தன் நம்மிடம்தான் இருக்கிறான்.

12 பேர் வேண்டும்

கடைசியாக ஒரு தகவல். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2023 நவம்பர் 13-ந்தேதிக்குப் பிறகு தனிநபர் பேரில் கூகுள் கடையில் கணக்குத் திறந்தவர்கள் செய்தவுடன் விளையாட்டை வெளியிட்டுவிட முடியாது. முதலில் ஆட்களைச் சேர்த்துச் சோதித்துக் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் 20 பேர் என்றார்கள். பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். 12 பேர், 14 நாள், இடையில் விலகாமல் சோதனையில் இருக்க வேண்டும். அப்புறம்தான் வெளியிட மனுவே போடலாம்.

வீட்டில் அம்மா, அப்பா, தங்கை, மூணு பேர். காலேஜ் சிநேகிதர்கள் ரெண்டு மூணு பேர். அதற்கு மேல் ஆள் கிடைக்காமல் காசுக்குச் சோதனை ஆட்களைப் பிடிக்கிறவர்களும் உண்டு. அந்த ஆட்கள் போனில் ஏற்றி வைப்பார்கள், திறந்து பார்க்க மாட்டார்கள். விளையாட்டில் என்ன ஓட்டை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் நாளே மண்ணைக் கவ்வும்.

பொள்ளாச்சியில் 12 பேருக்கா பஞ்சம்? காந்தி சிலை முனையில் பஸ்சுக்கு நிற்கிற கூட்டத்திலேயே தேறும். தமிழ் வாத்தியார் ஒருத்தர், குறுக்கெழுத்து நிரப்புகிற ரிட்டையர்டு ஆள் ஒருத்தர், சந்தையில் தேங்காய்க் கணக்கு எழுதுகிற குமாஸ்தா ஒருத்தர், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் ரெண்டு பேர். கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாத பாட்டி ஒருத்தர் கட்டாயம் வேண்டும். எழுத்து பெரிசா இருக்கணும் என்று அவர்தான் சொல்வார். தினம் பத்து நிமிஷம் ஆடி, “இது புரியலீங்க தம்பி, இங்கே மாட்டிக்கிச்சு” என்று சொன்னால் போதும். அரசாங்கம் பத்து லட்சம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பையனுக்குத் தேவைப்படுவது இதுதான்.

ஆடுவதற்கு முன்னால் ரெண்டே ரெண்டைப் பாருங்கள். பேங்க் விவரமோ ஓ.டி.பி.யோ கேட்டால் தொடவே வேண்டாம், பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள். ஜெயித்தால் காசு என்று சொன்னாலும் அழித்துவிடுங்கள். ரெண்டும் இல்லாமல், கட்டத்தில் ‘பொ’ சரியாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா? அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சேர்த்துவிடுங்கள். 12 ஆகணுமல்லவா!